அண்ணனின் வேஸ்ட் ஷீட்

12.6.2007, செவ்வாய்

ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டர் விளையாட்டுப் போட்டியில் உன் இடம் எனக்கு வேண்டும் என்று இன்றும் அண்ணனிடம் நான் சொல்லவில்லை. பிரவுசிங் சென்டரில் துப்பாக்கி விளையாட்டு முடிந்து திரையில் பட்டியல் வந்தது. அச்சகத்தில் மெஷின் ஓட்டும் அண்ணன் நாற்பது பேரைச் சுட்டு இருபது முறை செத்திருந்தான். நான் பதினைந்து பேரைச் சுட்டு மூன்று முறை.

"நாப்பது எங்க, பதினஞ்சு எங்க! பாத்தியா பிள்ள?"

"அண்ணே, உங்க பிரஸ்ல ஒருத்தன் நாப்பது நல்ல ஷீட்டுக்கு இருபது வேஸ்ட் பண்ணுனா?"

"அன்னைக்கே மெஷின விட்டு எறக்கிருவாக."

சொன்னவன் திரையைத் திரும்பிப் பார்த்தான். ஒரு சாவுக்கு அவன் சுட்டது இரண்டு பேர், நான் ஐந்து பேர்.

"அடிப்பாவி, என் வாயாலயே என்னைய எறக்கிட்டியே!"

இருவருக்கும் சிரிப்பு அடங்கவே இல்லை. பிறகு சுவரில் ஒட்டியிருந்த ஞாயிற்றுக்கிழமை அணிப் பட்டியலில் தன் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதினான்.