மஞ்சளோடு மஞ்சள் சேர்ந்தால்

ஆகஸ்ட் 4, 1932

ஏழாம் வகுப்பு விடைத்தாள்கள் இன்னும் பாக்கி. தம்பி ஜேக்கப் காலையில் கப்பலேறினான். போகிற போக்கில் ஒரு தேயிலைப் பெட்டியையும் அதற்குள் இரண்டு எலிகளையும் என் தலையில் கட்டிவிட்டான். ரங்கூனில் வாங்கியதாம். சாமந்திப்பூ நிறம். "நீதானே அக்கா விலங்கியல் படிச்சவ. மஞ்சளோட மஞ்சளையே சேர்த்துக்கிட்டு வா. நாலு ஈத்துல சுத்த மஞ்சள் ஜாதி வந்துடும்" என்றான். அவனுக்கு எல்லாமே சுலபம்.

தண்ணீர் கொண்டுவரும் கெங்கம்மா குடத்தை இறக்காமலே பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். "ஐயோ, மஞ்சா பூசிக் குளிச்சாப்பல கீது டீச்சரம்மா!"

பெண் எலிக்கு ராணி என்று பெயர் வைத்ததும் அவள்தான்.

செப்டம்பர் 12

முதல் ஈற்றுக் குட்டிகளுக்கு மயிர் முளைத்துவிட்டது. மூன்று மஞ்சள், இரண்டு கறுப்பு. ஜேக்கப்பின் சுத்த ஜாதி!

நவம்பர் 20

ஒவ்வொரு ஈற்றிலும் கறுப்பு தலைகாட்டுகிறது. அது எதிர்பார்த்ததுதான். தாயிடமிருந்து ஒரு கூறு, தகப்பனிடமிருந்து ஒரு கூறு. மஞ்சளுக்குள் கறுப்பு ஒளிந்திருக்கும். ஆனால் நான்கில் மூன்று பங்காவது மஞ்சளாக வர வேண்டாமா? மூன்றில் இரண்டுதான் வருகிறது. ஈற்றும் சிறியதாகவே இருக்கிறது. வேறு பெட்டியில் மஞ்சளைக் கறுப்போடு விட்டேன், அங்கே குட்டிகள் நிறைய.

அப்படியானால் ஒரு பங்கு எங்கே போகிறது?

டிசம்பர் 11

ராணி பந்துபோல ஆகிவிட்டாள். கம்பி வலையில் இரண்டு பச்சைக் கண்ணாடி வளையல்கள் தொங்குகின்றன. கெங்கம்மா மாட்டியிருக்கிறாள்.

"முழுகாம கீது டீச்சரம்மா. வயித்தைப் பாருங்கோ. பொண்ணு வூட்ல யாரு கீறாங்க அதுக்கு? நாமதான் செய்யணும்." சோறும் கருவாட்டுத் துணுக்கும் ஊட்டிக்கொண்டே பேசினாள். அவளுக்கு மூன்று முறை கரு உண்டாகி, நான்காம் மாதத்திலும் ஐந்திலும் கலைந்துவிட்டது. இவ்வளவு நாளாக எனக்குத் தெரியாது, நானும் கேட்டதில்லை. "இதுக்காவது தங்கட்டும்" என்றாள்.

மஞ்சள் எலிகள் வயதானால் வெறும் கொழுப்பில் ஊதும், அத்தோடு மலடாகும் என்று படித்திருக்கிறேன். சொல்லவில்லை. உறுதியாகத் தெரியாததைச் சொல்வானேன் என்று எனக்கு நானே சமாதானம் செய்துகொண்டேன்.

ஜனவரி 8, 1933

ராணி இறந்தாள். அறுத்துப் பார்த்தேன். கர்ப்பப்பையில் ஒன்றுமில்லை. எங்கும் கொழுப்பு.

சொல்ல வேண்டியதாயிற்று. "நான் ஊட்டுனதாலயா?" என்றாள் கெங்கம்மா. இல்லை, அந்த நிறத்தோடு பிறந்த சுபாவம் அது, பட்டினி போட்டாலும் ஓரளவு ஊதத்தான் செய்யும் என்றேன். அவள் வளையல்களைக் கழற்றவில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு, "எர்ணாவூர்ல பொண்ணு பாத்துக்கீது எங்க அத்தே. எங்க வூட்டுக்காரருக்கு" என்றாள், மழை வரும்போல இருக்கிறது என்கிற குரலில்.

மார்ச் 5

பெருச்சாளி கூண்டைச் சுரண்டியிருக்கிறது. ராணியின் மஞ்சள் மகள், மஞ்சள் ஆணோடு விட்டு நிஜமாகவே சினையாக இருந்தவள், பயத்திலோ என்னவோ செத்துக் கிடந்தாள். அறுத்தேன். கர்ப்பப்பையில் மணிகள் கோத்ததுபோல் குட்டிகள். இடையிடையே இரண்டு மட்டும் கடுகளவில் கருகியிருந்தன. காணாமற்போன பங்கு இதோ. இரு பக்கமும் மஞ்சளையே வாங்கிக்கொண்டவை, பிறக்கவே முடியாதவை.

கெங்கம்மா பூதக்கண்ணாடியை வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

"தாயி இன்னா தப்பு பண்ணுச்சு?"

"ஒன்றுமில்லை."

"பின்ன?"

"அதனிடமிருந்து பாதி, ஆணிடமிருந்து பாதி. இரண்டும் சேர்ந்ததால்."

"ஆம்பளகிட்டருந்துமா?" பூதக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துத் தந்தாள். "இத்தை எங்க அத்தைகிட்ட சொல்லுங்கோ."

மார்ச் 7

கெங்கம்மாவின் மாமியார் சொக்கம்மாள் மீன்கூடையோடு வந்தார். நான் சாராயத்தில் போட்டு வைத்திருந்த எலியின் கர்ப்பப்பையைப் பார்த்தார். சொன்னதைக் கேட்டார். கெட்டிக்காரி.

"சரி டீச்சரு. மஞ்சாவோட மஞ்சா தங்கல. கறுப்புகிட்ட வுட்டா?"

ஒன்றும் சாகாது என்றேன். அதுதானே உண்மை.

"கேட்டியாடி? எலிக்கே ஜோடி மாத்துன்றாங்கோ படிச்சவங்கோ. எம்புள்ளைக்கு மாத்துனா தப்பா?"

கெங்கம்மாதான் முந்திக்கொண்டாள். "ரெண்டுல எதை மாத்துனாலும் சரிதான அத்தே? அப்ப எனுக்கும் ஒருத்தனைப் பாரு. எர்ணாவூர்லியே பாத்துடு. ரெண்டு பரிசத்துக்கும் ஒரே வண்டி போதும்."

அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். கிழவி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார், தோள்கள் குலுங்கின. சிரிப்பா, கோபமா? திரும்பியபோது முகத்தில் இரண்டும் இல்லை. "நீ சொல்லு டீச்சரு. எலிக்கு வந்ததுதான் இவளுக்குமா?"

கெங்கம்மா என்னையே பார்த்தாள். ஒரு 'ஆமாம்' போதும்.

"தெரியாது. எலிக்கு என்னவென்று தெரியும். இவளுக்கு என்னவென்று எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. ஆஸ்பத்திரிக்குப் போனால் தெரியலாம். இரண்டு பேரும் போக வேண்டும்."

"ஆம்பளயா? புள்ளத்தாச்சி ஆஸ்பத்திரிக்கா?" கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். கெங்கம்மாவும் என்னைத் திரும்பிப் பாராமல் பின்னால் போனாள்.

ஆமான்னு சொல்லித் தொலைச்சிருக்கலாமே! யாருக்கு என்ன நஷ்டம்? எலியும் மனுஷியும் ஒண்ணா, நிரூபணம் எங்கேன்னு யார் என்னைக் கேட்கப் போறாங்க — நான்தான்.

மார்ச் 9

தண்ணீர் வரவில்லை.

மார்ச் 12, ஞாயிறு

கோயிலிலிருந்து வந்தால் வாசலில் கெங்கம்மாவின் புருஷன் பொன்னுரங்கம். கடலிலிருந்து நேரே வந்திருக்கிறான், காலெல்லாம் மணல். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"நானும் போணுமாமே? எனுக்கு ஒடம்புல ஒண்ணும் இல்லியேம்மா."

"மஞ்சள் எலிக்கும் வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது."

வாசற்படியில் காலைத் தேய்த்து மணலை உதிர்த்தான். "அது அளுதுகினே கீதும்மா. கடலுக்குப் போனாலும் காதுல கேக்குது." பிறகு, "எங்கே போணும்?" என்றான்.

ஏப்ரல் 2

லேடி டாக்டரிடம் நானும் போயிருந்தேன். எலியின் சங்கதி இல்லை. ரத்தத்தில் மேகநோய், இருவருக்கும், கருவைத் தங்கவிடாதாம். வாராவாரம் ஊசி. யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று டாக்டரம்மா சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பொன்னுரங்கம் மட்டும் தலை நிமிரவில்லை. திரும்பும்போது கெங்கம்மா டிராம் ஜன்னல் பக்கம் அவனை உட்காரச் சொன்னாள்.

நல்லவேளை, அன்று 'ஆமாம்' என்று சொல்லவில்லை.

ஜூன் 18

எர்ணாவூர்ப் பேச்சு நின்றுவிட்டதாம். யார் நிறுத்தினார்கள் என்று கெங்கம்மா சொல்லவில்லை. ஊசி போட்ட கை வீங்கியிருக்கிறது. குடத்தை மறு இடுப்பில் வைத்து வந்தாள்.

அக்டோபர் 15

ஜேக்கப் வந்தான். கறுப்புக் குட்டிகளைப் பார்த்து முகம் தொங்கிப் போயிற்று. இனி மஞ்சளோடு மஞ்சளைச் சேர்ப்பதில்லை என்று சொல்லிவிட்டேன். காரணம் கேட்டான், விளக்கினேன். "பாவம்கா" என்றான். இவ்வளவு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு விஷயத்தில் இருவருக்கும் ஒரே கருத்து.

டிசம்பர் 18

காலையில் தண்ணீர்க் குடத்தோடு வந்தது கெங்கம்மா இல்லை, சொக்கம்மாள். பயந்துபோய், அவள் எங்கே என்று கேட்டேன்.

"வூட்ல குந்திகினு கீறா, மகாராணியாட்டம்" என்றார். தொட்டியில் தண்ணீரை ஊற்றினார். "ஒத்த ஆளுக்கு இத்தினி தண்ணியா? மீனா வளக்கறே?"

பிறகு எலிப்பெட்டியருகே நின்று, கம்பி வலையிலிருந்த பச்சை வளையல்களைக் கழற்றி, முந்தானையால் தூசி துடைத்து, மடியில் முடிந்துகொண்டார்.

"நாளைக்கும் நான்தான் வருவேன்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். "சித்திரை வரிக்கும் நான்தான்."