பல் ராவிய மெஷின்

என்னங்க,

சோறு மூடி வைத்திருக்கிறேன், சுடவைத்துச் சாப்பிடுங்கள். சாவி எதிர்வீட்டில். திரைச்சீலை தைக்கக் கொடுத்த அம்மா வந்தால் துணியைத் தைக்காமலே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அந்தப் பழைய மெஷினில் இனி நேர்தையல் வராது. பல்லைப் பிடுங்கிய பாம்பு மாதிரி உட்கார்ந்திருக்கிறது.

பாப்பாவின் கவுன்களை ஒட்டுப்போட்டுச் செய்யும் போர்வைக்கு, துணியைக் கையால் வளைத்து வளைத்துத் தைக்க வேண்டும். ஊசிக்கடியில் துணியை நேராக இழுத்துத் தள்ளும் மெஷினின் பல் அப்போது அதை இழுக்கக் கூடாது. பல்லின் மேல் ஓர் அட்டையை ஒட்டினால் போதும், வேலை முடிந்ததும் பிய்த்துவிடலாம். நீங்கள் அரத்தை எடுத்துப் பல்லையே ராவிவிட்டீர்கள். நேற்று நான் கத்தியதும், "உனக்கு ஒத்தாசையாத்தானே செஞ்சேன்? சீக்கிரம் முடிச்சிடலாம்ல?" என்றீர்கள்.

அக்கா வீட்டுக்குப் போகிறேன். இருட்டுவதற்குள் வந்துவிடுவேன்.

பி.கு.: ஊசி மஞ்சள் கவுனில் குத்தியபடி நிற்கிறது. தொடாதீர்கள்.

இன்னொன்று. நான் கத்தியது பல்லுக்காக இல்லை, ‘சீக்கிரம்’ என்றீர்களே, அதற்காக. பாப்பா செத்த பிறகு அவளுக்கென்று நான் செய்ய மிச்சமிருப்பது இந்தப் போர்வை ஒன்றுதான். சொல்லுங்க, இதையும் முடிச்சிட்டு நான் என்ன செய்யட்டும்?