சூடு ஆறிப்போன பலகை

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். இதை முதலிலேயே அழுத்திச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் உடம்பைப் பற்றி என்னைவிட மற்றவர்களுக்குத்தான் அதிகம் தெரிந்திருக்கிறது. அப்பாவும் சௌக்கியம். நீயும் மருமகளும் குட்டியும் ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். குட்டிக்கு முன்பல் விழுந்த படத்தை மருமகள் அனுப்பியிருந்தாள், பார்த்துப் பார்த்துச் சிரித்தேன், அப்படியே உன் சின்ன வயசு முகம். இங்கே மாடிக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது, குழாய்க்காரர் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லியே மாதத்தை ஓட்டிவிட்டார். அப்பா அதற்கு அடியில் ஒரு வாளியை வைத்துவிட்டு, ரிப்பேரே முடிந்துவிட்ட மாதிரி பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். வீட்டுச் செய்தி அவ்வளவுதான். மீதி எல்லாம் படகுப் பட்டறைச் செய்தி, அதில் பாதி உனக்கு எனக்கு முன்னாலேயே தெரியும்.

இன்சூரன்ஸ் ஆபீஸில் அத்தனை வருஷம் குப்பை கொட்டிய பிறகு, வேலையை விட்டுவிட்டு மரப்படகு கட்டக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று நான் சொன்ன நாள் ஞாபகம் இருக்கிறதா? உன் சித்தி, "அக்கா, உனக்கு மூளை குழம்பிப் போச்சா" என்று கேட்டாள். அப்பா பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். நீ ஒருத்தன்தான், "போம்மா, தைரியமா போ, நான் இருக்கேன்ல" என்றாய். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் ராஜினாமா கொடுத்தேன். பட்டறையில் எல்லாருமே என்னைப் போல ஏதோ ஒரு வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள்தான். பஸ் ஓட்டியவர் ஒருத்தர், பல் பிடுங்கிக்கொண்டிருந்த டாக்டர் ஒருத்தர், பாங்கில் இருந்த தம்பதி. யார் பெயரும் யாருக்கும் மனதில் நிற்கவில்லை, பழைய வேலைதான் பெயர். நான் இன்சூரன்ஸம்மா. சொல்லிக்கொடுக்கிற மாஸ்டருக்கு உன்னைவிட ஒன்றிரண்டு வயசு குறைவாகத்தான் இருக்கும், ஆனால் அவர் ஒரு பார்வை பார்த்தால் டிரைவர்கூட பீடியைக் கீழே போட்டுவிடுவார்.

அங்கே எனக்கு முதல் நாளே கிடைத்தது நெருப்புப் பார்க்கிற வேலை. ஒரு நீளமான மரப்பெட்டி இருக்கிறது, பக்கத்தில் அண்டாவில் கொதிக்கிற தண்ணீரின் ஆவி குழாய் வழியாக அதற்குள் போகும். பலகையை அதில் வைத்து வேகவைத்தால், சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை மாதிரி வளையும். அப்படி ஒரு பிள்ளை இருந்தால். வெளியே எடுத்ததும் சூடு ஆறுவதற்குள் ஓடிப்போய்ப் படகின் விலாவில் அணைத்து, வளைத்து, கிளாம்ப் போட்டு இறுக்கிவிட வேண்டும். பலகை கையில் இருக்கும்போது யாரும் பேசக்கூடாது, எதற்காகவும் நிற்கக்கூடாது. மாஸ்டர் நடத்திய முதல் பாடமே அதுதான். நான் அண்டாவுக்கு விறகு தள்ளிக்கொண்டு, மற்றவர்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அது முடிந்தால் உப்புத்தாள் தேய்ப்பது, அதுவும் முடிந்தால் பெயிண்ட் பிரஷ் கழுவுவது. உளியையோ இழைப்புளியையோ தொடப் போனால் மாஸ்டர் எங்கிருந்தோ வந்து, "அம்மா, நெருப்பை ஒரு பார்வை பாத்துடுங்களேன், உங்களை மாதிரி யாருக்கும் கைவராது" என்பார். நானும் அதை நம்பிப் பூரித்துப்போய் உனக்குச் செய்தி அனுப்புவேன். நெருப்பை என்னை நம்பித்தான் விட்டிருக்கிறார் என்று. நீ, "சூப்பர்மா" என்று பதில் போடுவாய். இப்போது அந்த சூப்பரை நினைத்தால் வயிறு எரிகிறது.

போன வாரம் படகின் மூக்குப் பக்கத்துப் பலகையை வளைக்க வேண்டிய நாள். இருப்பதிலேயே அதிகம் வளைய வேண்டியது அதுதான், எல்லாருமாகச் சேர்ந்து நாள் கணக்கில் இழைத்து வைத்திருந்தார்கள். அன்றைக்குப் பார்த்துப் பல் டாக்டருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டு வரவில்லை. மாஸ்டரும் பாங்க் தம்பதியும் படகுக்கு அந்தப் பக்கம் கிளாம்புகளோடு நின்றார்கள். பெட்டியைத் திறந்ததும் டிரைவர் ஒரு முனையைப் பிடித்தார், மறுமுனைக்கு ஆள் இல்லை. நான் யோசிக்கவே இல்லை, கையுறையை மாட்டிக்கொண்டு பிடித்துவிட்டேன். ஓடினோம். கையுறைக்குள்ளும் சுட்டது, மூச்சு முட்டியது, ஆனால் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் தெரியுமா? அந்தப் பட்டறைக்கு வந்ததிலிருந்து அன்றைக்குத்தான் முதல் முறையாக ஒரு படகு கட்டினேன். முனையை மூக்கில் பொருத்தி அழுத்த ஆரம்பித்தோம், பலகையும் இணங்கி வந்துகொண்டிருந்தது. அப்போதுதான் மாஸ்டர் என்னைப் பார்த்தார். "அம்மா, விடுங்க! விடுங்கன்னு சொல்றேன்ல! உங்க பையனுக்கு நான் என்ன பதில் சொல்றது!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்து என் கையைப் பிடித்து விலக்கினார். எதற்காகவும் நிற்கக்கூடாது என்று சொல்லிக்கொடுத்த மனுஷனே நின்றுவிட்டார், எல்லாரும் அப்படியே நின்றார்கள். திரும்பவும் பலகையைப் பிடித்து அவர் வளைத்தபோது சூடு ஆறிவிட்டிருந்தது. சடாரென்று நடுவில் பிளந்துவிட்டது.

என் பையனுக்கு நீங்கள் ஏன் பதில் சொல்ல வேண்டும் என்று கேட்டேன். மாஸ்டர் மென்று விழுங்கிவிட்டு எல்லாவற்றையும் சொன்னார். நான் சேருவதற்கு முன்னாலேயே நீ அவருக்குப் போன் பண்ணினாயாம். அம்மாவுக்கு நெஞ்சு பலவீனம், ஒரு தடவை ஆபீஸில் மயங்கி விழுந்தவர், கனமான வேலையும் கூரான கருவியும் கொடுக்காதீர்கள் என்று வாக்கு வாங்கினாயாம். அதோடு விட்டாயா? "அம்மாவுக்குப் பொழுது போகணும், அவ்வளவுதான். சந்தோஷமா வெச்சுக்கிட்டா போதும்" என்றும் சொன்னாயாம். டிரைவரைப் பார்த்தேன், அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு, "நல்லதுக்குத்தானேன்னு நாங்களும் சும்மா இருந்துட்டோம்மா" என்றார். ஆக, பட்டறை முழுக்க எனக்காக நாடகம் போட்டிருக்கிறது, டிக்கெட் வாங்காமல் உட்கார்ந்து கைதட்டியது நான் ஒருத்திதான். மாஸ்டர் நம்பரை உனக்குக் கொடுத்தது உன் அப்பா. அன்றிலிருந்து அவரோடு நான் பேசவில்லை. என் முன்னால் இருமக்கூட பயப்படுகிறார்.

எனக்கு ரொம்ப வலிக்கிறதடா. அன்றைக்கு மயங்கி விழுந்தது காலையில் சாப்பிடாமல் ஓடியதால். எல்லா டெஸ்டும் எடுத்து, ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னதை வீடியோவில் நீயும் கேட்டுக்கொண்டிருந்தாய். முந்தாநாள் மறுபடியும் தனியாகப் போய்க் கேட்டேன். மரம் தூக்கலாம், கோபம்தான் படக்கூடாது என்று சிரிக்கிறார். உனக்குப் பயமாக இருந்தால், அம்மா, பயமாக இருக்கிறது என்று என்னிடம் சொல்லியிருக்கலாமே. சண்டை போட்டிருப்பேன், அழுதிருப்பேன், ஆனாலும் அது நம் இரண்டு பேருக்குள் இருந்திருக்கும். முகத்துக்கு நேரே போ என்று சொல்லிவிட்டுப் பின்னால் காலை வாரிவிட்டாய். நீ வெளிநாடு கிளம்பியபோது எனக்கும் பயமாகத்தான் இருந்தது. அதற்காக உன் மேனேஜருக்குப் போன் பண்ணி, என் பிள்ளைக்குச் சட்டென்று சளி பிடிக்கும், ஏசிக்குப் பக்கத்தில் உட்கார வைக்காதீர்கள், பெரிய வேலை எதுவும் கொடுக்காதீர்கள், சும்மா ஒரு கம்ப்யூட்டரைக் கொடுத்துத் தட்டச் சொல்லுங்கள் என்று சொன்னேனா? அப்படிச் சொல்லியிருந்து, அது ஆபீஸில் எல்லார் முன்னாலும் உனக்குத் தெரியவந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று கொஞ்சம் உட்கார்ந்து யோசி.

பிளந்த பலகைக்குப் பதில் புதுப்பலகை இழைத்துவிட்டோம். இழைத்தோம் என்றால் நானும்தான். மாஸ்டர் கையிலிருந்த இழைப்புளியைக் கேட்காமலே வாங்கிக்கொண்டேன், அவரும் தடுக்கவில்லை. முதல் நாள் கோணலும் மாணலுமாகத்தான் வந்தது, டிரைவர் அடக்க முடியாமல் சிரித்தார், அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. வெள்ளிக்கிழமை வளைக்கிறோம். மூக்குப் பக்கத்து முனையை நான்தான் பிடிப்பேன் என்று மாஸ்டரிடம் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "உங்க பையன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்கம்மா, நாளைக்கு என் மேல பழி வரக்கூடாது" என்றார். கட்டாயம் சொல்லிவிடுகிறேன் என்றேன். அதைத்தான் இப்போது சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கோபம் வேறு, ஆசீர்வாதம் வேறு. நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், நிறைந்த ஆயுளோடு நன்றாக இருக்க வேண்டும். குட்டியை ராத்திரி மிட்டாய் தின்றுவிட்டுப் பல் தேய்க்காமல் படுக்க விடாதே. மருமகளுக்கு என் அன்பு, அவள்மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அப்பாவைக் கூப்பிட்டுத் துருவாதே, அவருக்கு வெள்ளிக்கிழமையைப் பற்றி ஒன்றும் தெரியாது.

போனில் சொன்னால் நான் வைப்பதற்குள் நீ மாஸ்டரைக் கூப்பிட்டுவிடுவாய். அதனால்தான் தபாலில் போடுகிறேன். இது உன் கைக்கு வந்து சேரும்போது வெள்ளிக்கிழமை முடிந்திருக்கும்.

இப்படிக்கு,
உன் அம்மா