திருப்பிக் கொடுத்த பால்

இஞ்சாருங்கோ,

இன்றைக்கு என் கடையில் பால் அடிப்பிடித்துவிட்டது. சட்டியைச் சுரண்டச் சுரண்ட அந்தத் தீய்ந்த வாசம் போகவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு எங்கே போனேன் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

சண்டை முடிந்து ஸ்கந்தபுரத்துக்குத் திரும்பிய கையோடு உங்களுக்குக் கிடைத்த வேலை, பழைய இரும்புக்கடையில் காஸ் கட்டர் பிடிப்பது. துருப்பிடிக்காமல் பூச்சுப் பூசிய இயந்திரத் துண்டுகளை வெட்டும்போது மஞ்சளாய் ஒரு புகை கிளம்பும். இருமிக்கொண்டே வீடு வருவீர்கள். முகமூடி கேட்டதற்கு முதலாளி பின்னேரங்களில் ஆளுக்கொரு கிளாஸ் பால் கொடுத்தான். "பாலைக் குடியுங்கோ, புகையெல்லாம் கழுவிக்கொண்டு போயிடும்" என்றான். ஊரே அவனைத் தர்மவான் என்றது. நானும் அவனுக்காகக் கோயிலில் கற்பூரம் கொளுத்தினேன். சீ!

நீங்கள் அந்தப் பாலைக் குடிக்கவில்லை. போத்தலில் ஊற்றி வந்து மகளுக்குக் கொடுத்தீர்கள்.

கடைசியில், ஆசுபத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு என் கையைப் பிடித்தீர்கள். "பாலைப் பிள்ளைக்குக் குடுத்திட்டன். அதாலதான் எனக்கு இது வந்தது போல." டொக்டர் அவா எவ்வளவு பொறுமையாகச் சொன்னா! அந்தப் பூச்சில் கட்மியம் என்றொரு உலோகம் இருக்குமாம். சூடேறினால் புகையாகி நுரையீரலுக்குள் போய், வருடக்கணக்கில் உடம்பில் தங்குமாம். உடம்பின் உயிர்க்கலங்களில் பழுது நேர்ந்தால் திருத்தவிடாதாம். அந்தப் பழுதுதான் மெல்ல மெல்லப் புற்றுநோயாகுமாம். "பால் போறது வயித்துக்கு, புகை போறது நெஞ்சுக்கு" என்றா. நீங்கள் தலையாட்டினீர்கள், நம்பவில்லை. பிள்ளைக்குக் கொடுத்த பாலையே குற்றமாக நினைத்துக்கொண்டு போய்விட்டீர்கள்.

செத்தவீட்டுக்கு மாலையோடு வந்த முதலாளி, "பீடியால வந்த நோய்" என்று எல்லாருக்கும் சொன்னான். பீடியைத் தொட்டும் பார்க்காத உங்களை! மண் அள்ளித் திட்டடி என்றா மாமி. மண்ணால் எனக்கு ஆறாது. அவனுடைய கடை வாசல் படலைக்கு நேரெதிரே தேத்தண்ணிக் கடை போட்டேன். வேலை கேட்டு வருகிற ஒவ்வொருவரையும் கூப்பிட்டு இருத்தி உங்கள் கதையைச் சொன்னேன். கட்டர் பிடிக்க ஆளில்லாமல் போயிற்று.

"தங்கச்சி, என்ர பிழைப்பைக் கெடுக்காதையுங்கோ" என்று கெஞ்சிக்கொண்டு வந்தான்.

"ஓம், கெடுக்கத்தான் இருக்கிறன்" என்றேன்.

இன்று காலை அவனுடைய மகனே கட்டரைப் பற்றவைத்தான். மஞ்சள் புகை எழும்பியதுதான் தாமதம், முதலாளி இடுப்புச் சாரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினான். "டேய், விட்டிட்டு வாடா! அந்தப் புகை நெஞ்சை அரிச்சுப்போடும்!" வீதி முழுக்கக் கேட்டது.

தெரிந்திருக்கிறது. பாவிக்கு எல்லாம் தெரிந்தே இருந்திருக்கிறது.

ஒரு கிளாஸ் பாலை எடுத்துக்கொண்டு வீதியைக் கடந்தேன். கடையில் இருந்தவர்களும் பின்னால் வந்தார்கள். "இந்தாங்கோ முதலாளி, தம்பிக்குக் குடுங்கோ. புகையெல்லாம் கழுவிக்கொண்டு போயிடும்."

அவன் கை நீளவில்லை. "என்னப்பா இது?" என்று மகன் கேட்டான். நானே சொன்னேன், உங்கள் பெயரையும் சேர்த்து, எல்லாரும் கேட்க. மகன் கட்டரை நிலத்தில் போட்டுவிட்டு, தகப்பனைத் திரும்பிப் பாராமல் போனான்.

அந்தப் பாலை நான் கொட்டவில்லை. போத்தலில் ஊற்றி, உங்களைப் போலவே மகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அது குற்றமில்லை, இப்போதாவது நம்புங்கோ.

கோபம் ஆறிவிட்டதா என்று மட்டும் கேட்காதையுங்கோ. நாளை முதல் தினமும் ஒரு கிளாஸ் பால் என் கடை வாசலில் இருக்கும், அவன் படலையைத் திறந்ததும் கண்ணில் படுகிற இடத்தில்.