கரிக்கும் பசிக்கும்

என்னவனுக்கு,

நிலத்தை விற்றுவிட்டு நகரத்துக்கு வந்துவிடு என்று கேட்டிருந்தாய். பதில் எழுத உட்கார்ந்தால் மண்தான் நினைவுக்கு வருகிறது.

போன வருடம், மண்ணில் ஈரம் நிற்கும் என்று நம்பி நாம் கரித்தூள் போட்ட பாதி வயலில் பயிர் மஞ்சளாகிப் போனது. நீ மண்வெட்டியை எறிந்துவிட்டு பஸ் ஏறினாய். பிறகு மண் பரிசோதனை நிலையத்து அக்காவிடம் போய்ச் சொன்னேன். சிரித்தார்.

"கரியைப் பட்டினியா உள்ள இறக்கிட்டீங்களேம்மா! மண்ணுல இருந்த சத்தையெல்லாம் அதுவே முழுங்கிருச்சு. முதல்ல சாணிக்கரைசல்ல ஊறப் போடணும்."

இந்த முறை அதே பாதியில் ஊறவைத்த கரியைப் போட்டேன். உன் தம்பி வரப்பில் நின்று, "அண்ணி, கரிக்கு விருந்து முடிஞ்சுதா? எங்களுக்கு எப்போ?" என்றான்.

மழை வரவில்லை. சுற்றிலும் வயல்கள் வெடித்துக் கிடக்கின்றன. நேற்று நடுப்பகலில், கரி போட்ட பாதியில், நம் பயிர்களுக்கு இடையே மண்ணுக்குள் கையை நுழைத்தேன். உள்ளே ஈரம். யாரோ தூக்கத்தில் என் விரல்களைப் பிடித்துக்கொண்டது போலிருந்தது. எடுக்க மனமில்லாமல் அப்படியே கண்மூடிக் கிடந்தேன். வேர்களுக்குக் கீழே தண்ணீர் மெல்ல நடப்பது கேட்டது. கேட்காமலும் இருந்திருக்கலாம்.

நிலம் வாங்க வந்தவரும் குனிந்து தொட்டுப் பார்த்தார்.

"இதையா விக்கிறீங்க?"

"இல்லைங்க" என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

எனக்காக நீ வாங்கிப் போட்ட கட்டிலை அங்கே யாருக்காவது கொடுத்துவிடு. மற்றப் பாதி வயலுக்கும் தொட்டியில் கரி ஊறுகிறது. தினமும் கிளறிவிட வேண்டும். என் ஒருத்தியின் கை போதவில்லை.

உன்னவள்