பெண்களுக்கு ஒரு கக்கூஸ்

தங்கச்சி,

இன்று காலை தபால் கந்தோருக்குப் போகும் வழியில், பஸ் ஸ்டாண்டின் பின்சுவரைக் கடக்கும்போது அந்த நாற்றம் முகத்தில் அடித்தது. இரண்டு நாள் மழைக்குப் பிறகு வெயில் எறித்ததால் வழக்கத்தைவிட மோசம். லேஞ்சியை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டேன். நகரத்தை அழகாக வைத்திருப்போம் என்று அந்தச் சுவரில் நகரசபை பெரிய எழுத்தில் புதிதாக எழுதியிருக்கிறது. அந்த எழுத்துக்குக் கீழேயே ஒருவன் நின்று சுவரை நனைத்துக்கொண்டிருந்தான். ஆணுக்கு ஒரு சுவர் போதும். இறக்கத்தில், ஓடைப் பக்கமாக, இரண்டு பெண்கள் சேலையைக் கொய்து பிடித்துக்கொண்டு பயந்து பயந்து இறங்குவதையும் பார்த்தேன். நீங்கள் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகிறது. இப்படிப்பட்ட இடத்தில் வைத்து உங்களை நினைத்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். இந்த ஊர் வேறு இடம் எதையும் மிச்சம் வைக்கவில்லை.

நான் அப்போது நீதிமன்றத்துக்கு எதிரில், ஒரு மருந்துக்கடையின் ஓரத்தில் டைப்ரைட்டரை வைத்துக்கொண்டு பெட்டிசன் எழுதிப் பிழைத்தேன். தோட்டத்து மருத்துவிச்சி என்ற அளவில் உங்களைத் தெரியும். வெள்ளைச் சேலையும் கறுப்புக் குடையுமாக, கர்ப்பிணிகள் ஏழெட்டுப் பேரைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் வந்து இறங்குவீர்கள். உங்களுக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. எழுதத்தான் வராது. அதற்காகத்தான் என்னிடம் வந்தீர்கள். எங்கள் ஆட்கள் அண்ணனை அழைப்பதுபோல நீங்களும் என்னை நானா என்றே கூப்பிட்டீர்கள்.

"டவுன்ல பொம்பளைங்களுக்கு கக்கூஸ் இல்லீங்க நானா. சேர்மனுக்கு ஒரு பெட்டிசன் எழுதணும்."

நான் சிரித்தேன். காணி, பிரஜாவுரிமை, பென்ஷன் என்று எழுதிப் பழகிய கைக்கு அது வேடிக்கையாக இருந்தது.

"சிரிக்காதீங்க. கிளினிக்குக்கு வார அன்னிக்கு எங்க ஆளுங்க காலையில இருந்து ஒரு சொட்டுத் தண்ணி குடிக்கிறதில்ல. வயித்துல புள்ளைய வச்சுக்கிட்டு அடக்கிக்கிட்டு நிக்கிறாங்க. மூத்திரக் கடுப்புன்னு என்கிட்ட வராத வீடு லயத்துல இல்ல."

என் சிரிப்பு நின்றுவிட்டது. ஆண்களுக்கு பஸ் ஸ்டாண்டில் ஒரு கக்கூஸ் இருந்தது. சம்பள ஞாயிறில் சுற்றியுள்ள அத்தனை தோட்டத்துப் பெண்களும் இந்த ஊருக்குத்தான் இறங்குவார்கள். எங்கள் கடைகள் எல்லாம் அவர்கள் காசில்தான் நடந்தன. அவர்கள் எங்கே போகிறார்கள் என்று அதுவரை நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

எழுதினேன். பெருமதிப்புக்குரிய சபையின் கருணைமிகு பார்வைக்கு, பெண்மக்களின் சுகாதார வசதி சம்பந்தமாக, மிகத் தாழ்மையுடன், என்று ஒரு முழுப்பக்கம். சிங்களத்தில் அடித்ததை வாசித்துக் காட்டச் சொன்னீர்கள். கேட்டுவிட்டு, "இதுல நான் சொன்னது ஒண்ணுமே இல்லியே" என்றீர்கள்.

"பெட்டிசன்னா அப்படித்தான் தங்கச்சி. மரியாதையா எழுதினாத்தான் வாசிப்பாங்க."

அப்படி மரியாதையாக ஐந்து பெட்டிசன் போட்டோம். கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது என்று ஒரே வரியில் இரண்டுக்குப் பதில் வந்தது. மற்ற மூன்றுக்கு அதுவும் இல்லை.

அந்த வருஷம்தான் ஒரு மந்திரி வருகிறார் என்று நாற்சந்தியில் பவுண்டன் கட்டினார்கள். சீமெந்துத் தாமரை, அதன் நடுவில் பீச்சும் தண்ணீர், சுற்றிலும் சிவப்பும் பச்சையுமாக பல்புகள். சந்தைக் கூரை ஒழுகுகிறது என்று ஒதுக்கிய காசைத்தான் அதில் போட்டார்கள் என்று சபைக் கந்தோர் பியூன் சொன்னான். மேட்டுத் தொட்டியிலிருந்து அதற்காகவே புதுக் குழாய் போட்டார்கள். குழாய் பஸ் ஸ்டாண்டை ஒட்டித்தான் போனது. மந்திரி காரைவிட்டு இறங்கவில்லை. கண்ணாடிக்குள் இருந்து கையைக் காட்டிவிட்டுப் பண்டாரவளைக்குப் போய்விட்டார்.

பிறகு ஐப்பசி மழையில், நீங்கள் கிளினிக்குக்குக் கூட்டி வந்தவர்களில் ஒருத்தியான செல்லம்மா விழுந்தாள். ஏழு மாதக் கர்ப்பிணி. கிளினிக் முடிந்து பஸ்ஸுக்கு நின்றவள், அடக்க முடியாமல் ஓடைப் பக்கம் இறங்கியிருக்கிறாள். சேறு வழுக்கிக் கல்லின் மேல் போய் விழுந்தாள். நீங்களும் இன்னும் இரண்டு பெண்களுமாக அவளைத் தூக்கிக்கொண்டு ஏறி வந்ததை நான் பார்த்தேன். நான் ஓடிப்போய் ஒரு வாடகைக் கார் பிடித்து வந்தேன். பதுளை ஆஸ்பத்திரியில் அவளைக் காப்பாற்றினார்கள். பிள்ளை இல்லை.

மறுநாள் அதே சேலையோடு என் முன்னால் வந்து உட்கார்ந்தீர்கள். முழங்கால்வரை சேறு காய்ந்திருந்தது.

"இப்ப எழுதுங்க நானா. நான் சொல்றத அப்படியே எழுதுங்க. மூத்திரம் பேய எடமில்லாம ஒரு தாய் புள்ளைய எழந்துட்டா. பூ மாதிரி பீச்சுறதுக்குத் தண்ணி இருக்கு, எங்களுக்குக் கழுவத் தண்ணி இல்லியான்னு எழுதுங்க."

சொல்லுக்குச் சொல் சிங்களத்தில் அடித்தேன். என் தொழிலில் முதல்தடவையாக 'தாழ்மையுடன்' போடாமல் ஒரு பெட்டிசன் போனது.

சபையில் அங்கத்தவராக இருந்த புடவைக்கடை முதலாளி என் சாச்சாவின் மகன், எனக்குத் தம்பி முறை. கூட்டம் முடிந்த கையோடு என்னிடம் வந்தார்.

"என்ன நானா இது? இப்படியெல்லாமா எழுதுற? சேர்மன் பாதியிலயே வாசிக்கிறத நிப்பாட்டிட்டாரு. இந்தச் சொல்லெல்லாம் கூட்டக் குறிப்புல ஏத்த ஏலாதுன்னு தள்ளுபடி பண்ணியாச்சு. எனக்கே தலைகுனிவாப் போச்சு."

"செத்த பிள்ளையைப் பத்தி யாராச்சும் பேசினீங்களா?" என்று கேட்டேன்.

"அதுக்குள்ள தேத்தண்ணி வந்துட்டது" என்றார்.

இதை உங்களிடம் நான் சொல்லவில்லை. தள்ளுபடி என்று மட்டும் சொன்னேன். ஒரு சொல் வாயில் வரக் கூசிய மனிதர்களுக்கு, அந்தக் காரியத்துக்காக ஒருத்தி சேற்றில் விழுந்தது கூசவில்லை.

தேர்தல் நெருங்கியதும் கக்கூஸ் கட்டினார்கள். நான்கு அறைகள், நல்ல ஓட்டுக் கூரை, வாசலில் சேர்மனின் பெயர் வெட்டிய பளிங்குக் கல். ரிப்பன் வெட்டினார்கள், பேண்ட் அடித்தார்கள், கேக் கொடுத்தார்கள். அன்று மாலையே பூட்டினார்கள். தண்ணீர் இன்னும் இழுக்கவில்லை, இழுத்ததும் திறப்போம் என்றார்கள். தேர்தல் முடிந்தது. சேர்மன் வென்றார். எட்டு மாதமாகியும் பூட்டு தொங்கியது. உள்ளே உடைந்த கதிரைகளையும் கொடிக்கம்புகளையும் அடுக்கி வைத்தார்கள்.

ஒரு சம்பள ஞாயிறில் நீங்கள் அலவாங்கோடு வந்தீர்கள். அதைச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்ததாகப் பின்னால் சொன்னீர்கள். இரண்டே நெம்பில் பூட்டு தெறித்தது. கதிரைகளை வெளியே எடுத்து ஒழுங்காக ஓரத்தில் வைத்தீர்கள். பெண்கள் பவுண்டனிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் அள்ளி வந்தார்கள். நீங்கள் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு நிலத்தைத் தேய்த்துக் கழுவினீர்கள். பிறகு வரிசை நின்றது. பஸ் ஸ்டாண்ட் ஆண்கள் கூடிநின்று இளித்தார்கள். ஒருவன் விசில் அடித்தான். வரிசையில் நின்றவர்களில் செல்லம்மாவும் ஒருத்தி. அவள் யாரையும் பார்க்காமல் நேரே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் எதிரே தேத்தண்ணிக் கடைக்குள் இருந்தேன். நீங்கள் ஒருதடவை கடைப் பக்கம் திரும்பினீர்கள். நான் தூணுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

சபை பொலிசுக்குப் போகவில்லை. வழக்கானால் எட்டு மாதப் பூட்டைப் பற்றியும் பேச்சு வரும் என்று அவர்களுக்குத் தெரியும். தோட்டத்துத் தொரைக்கு முறைப்பாடு எழுதினார்கள். மன்னிப்புக் கடிதம் கொடு, இல்லாவிட்டால் இடமாற்றம் என்றார் தொரை. புடவைக்கடை முதலாளி மறுபடியும் என்னிடம் வந்தார். "நீ எழுதிக் குடு நானா, ஒரு கையெழுத்தோட முடிஞ்சு போகும்" என்றார்.

எழுதினேன். நானே அதை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு ஏறி வந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. உங்கள் குவாட்டர்ஸ் வாசலில் பெஞ்சில் இருத்தினீர்கள். கடிதத்தைச் சொல்லிக் காட்டினேன். பொது இடத்தில் அசிங்கமாக நடந்துகொண்டதற்கு மனம் வருந்துகிறேன் என்ற வரி வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினீர்கள்.

"அசிங்கமா நடந்தது யாரு நானா?"

"ஒரு கையெழுத்துத்தானே தங்கச்சி."

நீங்கள் கோபப்படவில்லை. உள்ளே போய்த் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தீர்கள். என் கையில் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தீர்கள். கடிதத்தில் கையெழுத்துப் போடவில்லை.

அந்த மாதம் முடியும் முன்பே உங்களை ஹல்துமுல்லைப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு மாற்றினார்கள். கக்கூஸுக்கு இரும்புக் கதவு போட்டார்கள். கொஞ்ச நாளில் அதை வாடகைக்கு விட்டார்கள். எடுத்தவர் வேறு யாருமில்லை, என் சாச்சாவின் மகன்தான். புடவைச் சிப்பங்கள் வைக்க நல்ல காற்றோட்டமான இடமாம். பளிங்குக் கல் இன்றைக்கும் வாசலில் இருக்கிறது. பெருநாளைக்கு என் வீட்டுக்கு அந்தக் கடையிலிருந்து துணி வந்தது. நான் வாங்கிக்கொண்டேன்.

நாலு வருஷம் கழித்து, காய்ச்சலில் நீங்கள் மோசம்போன செய்தியை பஸ் கண்டக்டர் ஒருவர்தான் சொன்னார். அடக்கம் முடிந்து ஒரு கிழமை ஆகியிருந்தது. உங்கள் கையில் பிறந்தவர்கள்தான் பெட்டியைத் தூக்கினார்களாம்.

கையெழுத்தில்லாத அந்தக் கடிதம் இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. கண் மங்கிவிட்டாலும் பெட்டிசன் எழுதுகிறேன். வருகிறவர்கள் சொல்வதை இப்போது அப்படியே அடிக்கிறேன். மரியாதை போதாது என்று சிலர் வேறு ஆளிடம் போய்விடுகிறார்கள், போகட்டும். நீங்கள் கேட்ட கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்லவில்லை. தெரியாமல் இல்லை தங்கச்சி. அன்று உங்கள் வாசலில் இருந்தபோதே தெரியும். தேத்தண்ணீரைக் கடைசிவரை குடித்தேன், கோப்பையைப் பெஞ்சில் வைத்தேன், கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கி வந்தேன்.