உனக்காகப் பேசியவன்

ஜனவரி 9

அன்புள்ள மைக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்க வேண்டியதே இல்லை, உன் மெசேஜில் நலம் வழிகிறது. 'மேடம் சொன்னாங்க', 'மேடம் பாராட்டினாங்க' என்று ஐந்து வரிக்குள் மேடம் நான்கு முறை வந்துவிட்டார். எனக்குக் கடைசியில் ஒரு 'சாப்பிட்டீங்களா'. இனி மெசேஜ் வேண்டாம், கடிதம் எழுது. கையெழுத்திலாவது உன்னைக் கொஞ்சம் நீளமாகப் பார்த்துக்கொள்கிறேன்.

தைராய்டு ஆபரேஷனில் உன் குரல் போனதிலிருந்து இந்த நான்கு மாதமும் உனக்கு வாயாக இருந்தது யார்? காய்கறிக்காரரிடம் பேரம் பேசியது நான். உன் அக்கா போனில் அழுதபோது உன் சார்பில் சமாதானம் சொன்னது நான். நீ மைக்கில் அறிவிப்புச் சொல்லும் ரயில் நிலையத்தில் உன் மேலதிகாரியிடம் "அவளுக்கு லீவு கொடுங்க சார், வேணும்னா ரயில் வருதுன்னு நான் வந்து கத்துறேன்" என்று சொல்லிச் சிரிக்கவைத்ததும் நான்தான். நீ வாயைத் திறப்பதற்கு முன்பே உனக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிடும். இத்தனைக்கும் ஒரு நாள்கூட உன் முகம் மலர்ந்ததில்லை.

அந்தப் பேச்சுப் பயிற்சி மேடம் முதல் நாளே ஏதோ நல்ல வார்த்தை சொன்னாராம், நீ பஸ்ஸைக்கூட மறந்து, பயிற்சிக்காக அந்த ஊரில் தங்கியிருக்கிற உன் தங்கை வீடுவரை நடந்தே போனாயாம். எனக்கு வயிறு எரிகிறது. அப்படி என்னதான் சொன்னார்? ஒன்றுவிடாமல் எழுது.

உன்,
கண்ணாடிக் கடைக்காரன்


ஜனவரி 15

அன்புள்ள உங்களுக்கு,

எரிகிற வயிற்றுக்குக் கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டுப் படியுங்கள்.

முதல் நாள் ஒரு டம்ளரில் பாதி தண்ணீர் ஊற்றி, ஒரு ஸ்ட்ராவைக் கொடுத்தார். ஊத வேண்டும், ஊதும்போது 'ஊ' என்று சத்தமும் வர வேண்டும். முதல் தடவை வெறும் குமிழி. அடுத்த தடவையும் அப்படியே. எனக்கு அழுகை வந்துவிட்டது. அதற்கடுத்து ஊதும்போது தொண்டைக்குள் ஏதோ அதிர்ந்த மாதிரி இருந்தது. எனக்கே சந்தேகம்தான். அவர் உடனே கையைக் காட்டி நிறுத்தினார். "இப்ப ஒரு நொடி சத்தம் வந்துச்சு, கேட்டீங்களா? தோளை இறக்கிட்டு ஊதினீங்க, அதனாலதான் வந்துச்சு. அதையே மறுபடி பண்ணுங்க." பண்ணினேன். வந்தது.

'பிரமாதம்' என்றெல்லாம் அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். ஆஸ்பத்திரியில் எல்லோரும் அதைத்தானே சொன்னார்கள். இவர் நான் செய்ததை எனக்கே எடுத்துச் சொன்னார். வந்த சத்தம் தற்செயலாக வந்ததில்லை, நான் வரவழைத்தது என்று அப்போதுதான் புரிந்தது. இந்தத் தொண்டை இன்னும் என் பேச்சைக் கேட்கும் என்று ஒரு தைரியம் வந்தது. மறுநாள் வகுப்புக்கு அரைமணி முன்பாகவே போய் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் நம் மகளைவிடக் கொஞ்சம் பெரியவர், அவ்வளவுதான். மூக்குக்கண்ணாடி கோணலாக நிற்கிறது. நீங்கள் பார்த்தால் முதலில் அதைக் கழற்றி நிமிர்த்திவிட்டுத்தான் பொறாமைப்படுவீர்கள்.

உங்கள்,
மைக்கு


ஜனவரி 20

அன்புள்ள மைக்கு,

ஆணாக இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். சட்டையைப் பிடிக்கலாம். புருஷனுக்குக் கோபம் வராதா என்று பார்க்கிறவர்களும் ஒத்துக்கொள்வார்கள். ஸ்ட்ரா கொடுத்து ஊதச் சொல்கிற சின்னப் பெண்ணிடம் பொறாமை என்று நான் யாரிடம் போய்ச் சொல்வது? எதிரில் இருக்கும் மருந்துக் கடைக்காரரிடம் மனசு எரிகிறது என்று மட்டும் சொன்னேன். "எதுக்கும் சர்க்கரை டெஸ்ட் பண்ணிப் பாருங்க" என்றார்.

நேற்று நானும் டம்ளரில் ஸ்ட்ரா போட்டு ஊதிப் பார்த்தேன். சத்தம் நன்றாகவே வந்தது. பாராட்டத்தான் ஆளில்லை.

சனிக்கிழமை வருகிறேன். வகுப்பில் நானும் கூட உட்காருவேன்.

உன்,
கண்ணாடிக் கடைக்காரன்


பிப்ரவரி 3

அன்புள்ள உங்களுக்கு,

நீங்கள் வந்துவிட்டுப் போனதிலிருந்து எனக்குக் குரல் வரவில்லை. ஏன் என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது, அதனால் எழுதுகிறேன்.

"காலையில என்ன பண்ணீங்க, சொல்லுங்க" என்று மேடம் கேட்டது என்னை. நான் மூச்சை இழுப்பதற்குள் நீங்கள் "சீக்கிரமே எழுந்துட்டா மேடம், தங்கச்சிக்குத் துணி மடிச்சுக் கொடுத்தா" என்றீர்கள். நான் சொல்ல வந்தது அது இல்லை. ஜன்னலில் வந்து உட்கார்ந்த பூனையைப் பற்றிச் சொல்ல வந்தேன். மேடம் "அவங்களே சொல்லட்டும் சார்" என்றார். சொன்னேன். 'பூனை' மட்டும் வந்தது, கரகரவென்று. உடனே நீங்கள், "பழைய குரல்ல கால்வாசிகூட இல்லையே, இதுக்கா இவ்வளவு பாராட்டு?" என்றீர்கள்.

அதோடு என் வாய் அடைத்துப்போனது. தங்கை வீட்டுக்கு வந்து, தண்ணீர் வேண்டும் என்று சீட்டில் எழுதி உங்களிடம் நீட்டினேன். அதை வாங்கியபோது உங்கள் முகம் தெளிந்தது. நான் பார்த்தேன். நீங்கள் சொன்னதைக்கூட மறந்துவிடுவேன், அந்த முகத்தை மறக்க முடியவில்லை.

கடையில் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு "இப்ப தெரியுதா?" என்று கேட்பீர்களே, எப்போதாவது பலகையில் இருக்கிற எழுத்தை நீங்களே படித்துச் சொன்னதுண்டா? ஒரு வரியைப் படித்துவிட்டால், "சரி, அடுத்த வரி படிங்க" என்பீர்கள். அந்தப் பெண் எனக்குச் செய்வதும் அதுதான்.

மறுபடி டம்ளரிலிருந்து ஆரம்பித்திருக்கிறோம். கொஞ்ச நாளைக்கு வராதீர்கள்.

உங்கள்,
மைக்கு


பிப்ரவரி 9

மைக்கு,

முகம் தெளிந்தது உண்மைதான். இல்லை என்று இரண்டு பக்கம் எழுதிக் கிழித்துப் போட்டேன்.

பிளாட்பாரம் முழுக்க உன் குரல் கேட்கும். நான் பேசினால் கடை வாசலைத் தாண்டாது. வண்டிக்கு நிற்கும்போதெல்லாம் மேலே உன் குரலைக் கேட்டுப் பெருமைப்பட்டிருக்கிறேன், கூடவே கொஞ்சம் புழுங்கியும் இருக்கிறேன். அந்த நான்கு மாதம்தான் நான் இல்லாமல் உனக்கு எதுவும் ஆகவில்லை. இப்போது அந்தப் பெண் குரலைக் கொடுக்கிறாள், நீ வாங்கிக்கொள்கிறாய். குரல் மொத்தமாகத் திரும்பிவிட்டால் நான் எதற்கு? எல்லோரும் சந்தோஷப்படுகிறார்கள். என்னால் முடியவில்லை.

வர வேண்டாம் என்றாய். வரமாட்டேன், போ.

கண்ணாடிக் கடைக்காரன்


மார்ச் 12

அன்புள்ள உங்களுக்கு,

கோபம் ஆறியிருக்கும் என்று நினைக்கிறேன். குரல் திரும்பிவிட்டது. பழைய குரல் இல்லை, கொஞ்சம் தடித்தது. பழகிக்கொண்டேன்.

முதலில் தங்கையிடம் பேசினேன், பிறகு கடைத்தெருவில். போன வாரம் இந்த ஊர் ரயில் நிலையத்தில் ஒரு மதியம் மைக்கைக் கொடுத்துப் பார்த்தார்கள். தாமதமாக வரும் வண்டிக்கு வருத்தம் தெரிவித்தேன். ஒருவர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை, அவரவர் பாட்டுக்குக் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சலித்துக்கொண்டார்கள். அதைவிடப் பாராட்டு வேண்டுமா?

இனி ஒருவர்தான் பாக்கி. யார் முன்னால் பேச ரொம்பப் பயம் என்று மேடம் கேட்டபோது உங்களைத்தான் சொன்னேன். வருத்தப்படாதீர்கள். நீங்கள் சொல்கிற ஒரு வார்த்தை எனக்கு அவ்வளவு உள்ளே போகிறது, அதனால்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை போன் செய்கிறேன். உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். நடுவில் எங்கே நின்றாலும் நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள்.

உங்கள்,
மைக்கு


மார்ச் 18

அன்புள்ள மைக்கு,

நேற்று கடையை அடைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்துதான் உன் போனை எடுத்தேன். ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டேன். யாராவது பார்த்திருந்தால் பல்வலி என்று நினைத்திருப்பார்கள்.

'நான்' என்றாய். நின்றாய். 'நான் வீட்டுக்கு' என்றாய். மறுபடி நின்றாய். 'வரணும்னு ஆசையா இருக்கு, அதானே?' என்பது என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. கையை இன்னும் அழுத்திக்கொண்டேன். நீயே முடித்தாய்.

"நான் வீட்டுக்கு இப்ப வரலைங்க. இங்கயே ஸ்டேஷன்ல வேலை தர்றாங்க. ஒரு வருஷம் இங்க இருந்து பேசிப் பழகிக்கிறேன். அங்க வந்தா நான் மறுபடி சீட்டு எழுத ஆரம்பிச்சிடுவேன்."

நான் முடித்துவைத்திருந்தால் வேறு மாதிரி முடித்திருப்பேன். இத்தனை மாதத்தில் உன் வாயிலிருந்து எத்தனை பேச்சைப் பிடுங்கி அப்படி முடித்தேனோ, நினைக்கவே பயமாக இருக்கிறது. நீ போனை வைத்த பிறகும் வெகுநேரம் என் வாயிலிருந்து கையை எடுக்கவில்லை. அதனால்தான் நேற்று உனக்கு என்னிடமிருந்து பதில் வரவில்லை.

இந்த முடிவை அந்தப் பயிற்சிப் பெண்ணிடம் முதலில் சொன்னாயா, என்னிடமா? எழுத வேண்டாம். என்னிடம்தான் என்று வைத்துக்கொள்கிறேன்.

அவளைப் போல எடுத்துச் சொல்ல எனக்கு வராது. இருந்தாலும் சொல்லிப் பார்க்கிறேன். இரண்டு இடத்தில் நின்றாய். இரண்டு இடத்திலும் மூச்சு வாங்கிக்கொண்டு நீயே தொடர்ந்தாய். எங்கேயும் அவசரப்படவில்லை. 'வரலைங்க' என்று சொன்ன இடத்தில் உன் குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. எல்லாவற்றிலும் அதுதான் நன்றாக வந்தது.

உன்,
கண்ணாடிக் கடைக்காரன்